கோயில் சுவரைக் கழுவியது யார்?

மேடையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை வாலெரி அவர்களே! கோயில் திருப்பணிக் குழுத் தலைவர், மருந்துக்கடை கோர்ச்சாக் அவர்களே! கிராக்கோ நகரிலிருந்து கறுப்புத் துக்கப் பட்டை அணிந்து வந்திருக்கும் ஓவியக் கழகத்தாரே! ஜெபமாலை சபைத் தாய்மார்களே! சாரத்தில் ஏறிப் பிழைக்கும் என் தோழர்களே! எல்லோருக்கும் வண்ணவேலை மேஸ்திரி பிளாஜெய் மாலெக்கின் வணக்கம்.

இந்த இரங்கல் கூட்டத்தில் எனக்கு முன் ஏழு பேர் பேசினீர்கள். வரலாற்று ஓவியர் ஹிப்போலிட் ஸாரெம்ஸ்கி போர்க்களம் வரைந்தார், முடிசூட்டு விழா வரைந்தார், அவர் குதிரைகள் மூச்சு விட்டன என்றீர்கள். எல்லாம் சரி. நம் கோயிலில் ஆறு ஆண்டுகள் சுவரெல்லாம் பூவேலை செய்தாரே அந்த மனிதர், அதைப் பற்றி ஒருவராவது வாய் திறந்தீர்களா? பூவேலை என்றால் அவ்வளவு இளப்பமா? அரசர்களை வரைந்த கை, கோயில் தூணுக்குக் கொடி வரைந்தால் சிறுத்துப் போகுமா?

மாதாவின் விண்ணேற்பு விழா அன்று நம் பெண்கள் மந்திரிக்கக் கொண்டுவரும் மூலிகைக் கட்டுகளை ஸாரெம்ஸ்கி ஐயா கோயில் வாசலிலேயே மறித்துவிடுவார். கசகசாக் காய், மாசிப்பத்திரி, ஓட்ஸ் கதிர் என்று ஒவ்வொன்றையும் நோட்டில் வரைந்துகொண்ட பிறகுதான் உள்ளே விடுவார். ஆலைக்காரர் மனைவி பெட்ரோனெலா அவரைச் சீண்டினாள்.

"ராசாவெல்லாம் வரைஞ்சு முடிச்சாச்சு, இப்ப மாட்டுத் தீவனத்துக்கு வந்துட்டீங்களாக்கும்?"

"ராசா மூக்கு கோணலா இருந்தா எவனுக்கும்மா தெரியப்போவுது? ஓட்ஸ் கதிர் கோணினா நீ என்னைய சும்மா விடுவியா?" என்றார்.

அப்படி வரைந்ததுதான் கீழ்ச்சுவரின் நீலப் பட்டை. அவரவர் வீட்டுக் கட்டு எந்தத் தூணருகே இருக்கிறது என்று உங்களுக்கெல்லாம் தெரியும். அந்தப் பட்டைக்கு என்ன ஆயிற்று? குழுவின் அறிக்கை என்ன சொல்கிறது? "வண்ணம் தரமற்றது, ஓராண்டுகூட நிற்கவில்லை" என்கிறது! அதை வைத்துத்தான், ஐயாவை அடக்கம் செய்த ஈரம் காயுமுன், கோயில் முழுக்க வெள்ளையடிக்க முடிவு செய்தீர்கள். மேலே உள்ள விண்மீன்கள், தேவதூதர்கள், அத்தனையும் சுண்ணாம்புக்குள்!

வண்ணமா தரமற்றது? நான் குழைத்த வண்ணம் அது. வஜ்ஜிரப் பசை சேர்த்துக் குழைத்தது. தூசி தட்டலாம், ரொட்டித் துண்டால் ஒற்றலாம், தண்ணீர் மட்டும் படக்கூடாது. போன ஆண்டு பாஸ்கா பண்டிகைக்கு முந்தைய புதன்கிழமை என்ன நடந்தது? வீட்டையெல்லாம் கழுவிவிட்டோம், மாதாவின் வீடு மட்டும் மெழுகுவர்த்திப் புகையோடு இருக்கலாமா என்று நம் பெண்கள் வாளியும் சவுக்காரமும் தேய்க்கும் தூரிகையுமாகக் கோயிலுக்குள் போனார்கள். ஆள் உயரத்துக்குத் தேய்த்தார்கள். பக்தியோடுதான் தேய்த்தார்கள். அந்த நீலப் பட்டை முழுவதும் அரை நாளில் சாக்கடைக்குப் போய்விட்டது.

ஐயா வந்து பார்த்தார். தேய்த்த தூரிகை போன வளைவுகள் சுவரில் அப்படியே இருந்தன. பிறகு என்னிடம் சொன்னார்.

"மாதாவுக்குன்னு செஞ்சிருக்காங்க, பிளாஜெய். பண்டிகை நேரம். அழ வைக்காத. குழுகிட்ட நீ வாயத் தொறக்கக் கூடாது."

பழியைத் தானே ஏற்றுக்கொண்டார். எழுபத்தொரு வயதில், கணப்பு இல்லாத கோயிலில், குளிர்காலம் முழுக்கச் சாரத்தில் நின்று மறுபடி வரைந்தார். தெற்குச் சுவரை முடித்தார். வடக்குச் சுவரில் பாதி முடிந்தபோது நெஞ்சில் சளி கட்டியது. மூன்றாம் வாரம் போய்விட்டார்.

எனக்கு ஆத்திரமாக வருகிறது. குழுவின் மீது மட்டுமல்ல, ஐயாவின் மீதும்தான். ஏன் இவ்வளவு நல்லவராக இருந்தீர்கள்? எல்லாவற்றையும்விட என் மீதே ஆத்திரம். வாயை மூடு என்றார், மூடிக்கொண்டேன். கீழ்ப்படிதல் என்று நினைக்காதீர்கள். அந்தப் புதன்கிழமை மாலை என் வீட்டு முற்றத்தில் ஒரு வாளி இருந்தது. அதில் தண்ணீர் நீலமாக இருந்தது. அதனால்தான் மூடிக்கொண்டேன்.

சற்று நேரத்தில் தலைவர் எழுந்து இரண்டு நிமிடம் மௌனம் காப்போம் என்பார். ஓராண்டு காத்தது போதாதா? முதலில் அறிக்கையில் 'வண்ணம் தரமற்றது' என்ற வரியை அடியுங்கள். வெள்ளையடிக்கும் முடிவை ரத்து செய்யுங்கள். மீதிச் சுவருக்கு ஐயா வரைந்த தாள்கள் என்னிடம் இருக்கின்றன. நாளைக் காலைத் திருப்பலி முடிந்ததும் நான் சாரம் ஏறுகிறேன். கூலி வேண்டாம். இது ஸாரெம்ஸ்கி ஐயாவின் பெயரால் நான் தரும் வாக்கு.

வாளி தூக்கியவர்களின் பெயர்களை நான் சொல்ல மாட்டேன். ஒரு பெயரைத் தவிர. இன்று காலை அவளே என்னிடம், "நீங்க பேசுங்க, நான் எந்திரிச்சு நிக்கிறேன்" என்றாள்.

அப்போலோனியா, எழுந்திரு.

அதோ, என் மனைவி நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் பெட்ரோனெலாவும் எழுகிறாள். கடைசி வரிசையிலும் எழுகிறார்கள். தலை குனிய வேண்டாம், தாய்மார்களே.

கோர்ச்சாக் அவர்களே, பேனாவை எடுங்கள்.