தடிப்பு யாரால போச்சு?

மருமகள்: முதுகக் காட்டுங்க மாமா... கழுத்து, இடுப்பு... எங்கயும் ஒரு தடிப்பு இல்ல.

மாமனார்: கையையும் பாரு. கத்திரிக்கோல் பிடிச்சாலே சிவந்து வீங்கும். இன்னைக்கு நாலு சட்டை வெட்டிட்டேன்.

மருமகள்: மாத்திரை?

மாமனார்: டாக்டர் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு, நிறுத்தியே ஆறு வாரம் ஆச்சு.

மருமகள்: அப்ப போயிடுச்சுன்னே வச்சுக்கலாம்.

மாமனார்: போகாம? உன் பூனைய என்னைக்கு உன் அக்கா வீட்டுக்கு அனுப்பினேனோ...

மருமகள்: ஆரம்பிச்சுட்டீங்களா? பூனை போனது போன வருஷம். அதுக்கப்புறமும் ஒன்பது மாசம் சொறிஞ்சீங்க.

மாமனார்: அதோட முடி எங்கயாவது ஒட்டியிருக்கும்...

மருமகள்: ஒன்பது மாசமா? வீட்டை எத்தனை தரம் கழுவினேன்! காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதைகூட இல்ல மாமா இது. காக்கா பறந்து போய் ஒன்பது மாசம் கழிச்சு விழுந்திருக்கு.

மாமனார்: பின்ன எதனால போச்சாம்?

மருமகள்: தானா. டாக்டர் சொன்னப்ப நீங்களும்தானே இருந்தீங்க. தடிப்பு ஆறு வாரம் தாண்டியும் வந்துக்கிட்டே இருந்தா பெரும்பாலும் காரணமே அகப்படாது, நிறைய பேருக்கு ஒண்ணு ரெண்டு வருஷத்துல அடங்கிடும், சிலருக்கு அஞ்சு வருஷம்கூட இழுக்கும்னு...

மாமனார்: திரும்ப வரலாம்னும் சொன்னார். அத மட்டும் முழுங்கிட்ட.

மருமகள்: வந்தா மாத்திரை இருக்கு. வாயில்லா ஜீவன் மேல பழி எதுக்கு?

மாமனார்: அப்ப பூனை வீட்டுல இருந்தாலும் ஒண்ணும் ஆகாதுங்கற?

மருமகள்: ஆகாது.

மாமனார்: அவ்வளவு நிச்சயமா?

மருமகள்: ...மூணு மாசமா ஆகலையே மாமா.

மாமனார்: என்னது?

மருமகள்: மாடி அறையில இருக்கு. அக்கா வீட்டுலேர்ந்து ஓடி, அதுவே வழி கண்டுபிடிச்சு வந்துடுச்சு. துரத்த மனசு வரல. உங்களுக்குத் தெரிஞ்சா மறுபடியும் அனுப்பிடுவீங்களோன்னு பயம்... ஆனா அது வந்தப்புறம்தான் உங்களுக்கு அடங்கவே ஆரம்பிச்சுது.

மாமனார்: பாலத்தத் தாண்டி, ரெண்டு பஸ் மாறி... அதுவேவா வந்துச்சு?

மருமகள்: அக்கா அப்படித்தானே...

மாமனார்: உன் அக்காவ அப்படிச் சொல்லச் சொன்னதே நான்தான். தட்டுல போட்டது போட்டபடி நீ எழுந்து போறத எத்தனை நாள் பாக்குறது? எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டு அனுப்பினவன், நானே போய்க் கூட்டிட்டு வந்தேன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல... துணிப்பையில போட்டு, மடியிலயே வச்சுக் கொண்டு வந்தேன்மா. அன்னைக்கு எனக்குக் கையெல்லாம் தடிச்சுத்தான் இருந்துச்சு.