பதினோரு விளக்குகள்

இரண்டாம் பாகம் என்றாலே முதல் பாகத்துக்கு உறைபோடக் காணாது என்று சொல்பவர்களில் நானும் ஒருவன். நின்றுகொண்டே பேசலாமா? நாலு நாளாக ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

எங்கள் முதல் கணினி விளையாட்டை இங்கே பின்லாந்தின் தம்பேரே நகரத்தில், பழைய நெசவாலை மாடியில், ஒன்பது பேர் சேர்ந்து செய்தோம். இருபத்தைந்து வருடம் ஆகிறது. உடம்பில் பாதி இயந்திரமாகிப்போன ஒருத்தி, கம்பெனிகள் ஆளும் நகரத்தில் தன் பழைய பெயரைத் தேடி அலைவாள். அதில் வரும் துறைமுகம் நான் கட்டியது. பூட்டிய கதவு எதுவானாலும் அங்கே மூன்று வழி உண்டு. ஆடுபவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். 'எங்களை நீங்கள் முட்டாளாக நினைக்கவில்லை' என்று இன்றும் ரசிகர்கள் எனக்கு எழுதுகிறார்கள்.

இரண்டாம் பாகத்தை, அந்த ஒன்பது பேரில் ஒருவனான என் நண்பன் ஒஸ்ஸி பொறுப்பேற்றுச் செய்தான். பெரிய நகரம், அழகான மழை, எல்லாம் சரி. ஆனால் திரையின் மேலே ஒரு மஞ்சள் அம்புக்குறி. இங்கே போ, அங்கே திரும்பு என்று கடைசிவரை காட்டிக்கொண்டே இருக்கும். அது பத்து மடங்கு விற்றது. எனக்கு வயிறு எரிந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

வெள்ளிவிழா மலருக்காக இரண்டையும் ஒப்பிட்டு ஒஸ்ஸி ஒரு கட்டுரை எழுதினான். வரைவை எனக்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"படிச்சியா ராய்மோ?"

"படிச்சேன். அந்த விளக்கு சமாச்சாரம் எதுக்குடா?"

"நடந்ததத்தானே எழுதியிருக்கேன்."

"இத்தனை வருஷமா வாயத் திறக்கல. இப்ப என்ன அவசரம்?"

"அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்குற? சனிக்கிழமை வர்றேன், சவுனா நீராவி அறையச் சூடு பண்ணி வை. எந்த வரி உறுத்துதோ, சேர்ந்து உக்காந்து மாத்திடலாம்."

என் குடில் ஏரித் தீவில் இருக்கிறது. ஏரி உறைந்ததும், பனிக்கட்டி கெட்டியாக இருக்கும் இடங்களைத் துளையிட்டுப் பார்த்து, கரையிலிருந்து தீவுவரை நடந்து வர வழிகாட்டியாக ஊசியிலைக் கிளைகளை வரிசையாக நட்டு வைப்பேன். நட்ட கிளையை இங்கே யாரும் சந்தேகிப்பதில்லை. சனிக்கிழமை மத்தியானம் அதில் ஏழு கிளைகளைப் பிடுங்கி, ஓடை வந்து விழும் பக்கமாக நட்டேன். அங்கே அடியில் நீரோட்டம், பனிக்கட்டி மெல்லியது. பக்கத்துத் தீவுப் பிள்ளைகள் அந்த வழியாகச் சறுக்கிக்கொண்டு போவதுண்டு. அன்று வரவில்லை.

கொல்ல நினைக்கவில்லை. ஒரு சோதனை என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்புக்குறியை நம்புகிறவன் காலடியைப் பார்ப்பானா என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். பனிக்கட்டியைத் தடியால் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் அவனுக்குப் புரிந்திருக்கும்.

நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. ஒஸ்ஸி ஒவ்வொரு கிளையாகத் தொட்டபடி, ஏதோ பாடிக்கொண்டு வந்தான். நான் மாற்றி நட்டதில் ஐந்தாவது கிளையருகே பனிக்கட்டி உடைந்து தண்ணீருக்குள் போனான்.

"ராய்மோ! எந்தப் பக்கம் கெட்டி? எந்தப் பக்கம்டா, சொல்லு!"

நான் சொல்லவில்லை. சொன்னால் அதுவும் அம்புக்குறிதானே.

சிறிது நேரத்தில் அவனே சரியான பக்கம் திரும்பினான். முழங்கையால் பனிக்கட்டியை உடைத்து உடைத்துத் தீவை நோக்கி வந்தான். சோதனையில் தேறிவிட்டான். நியாயமான மனிதன் அப்போதாவது கயிற்றை எடுத்துக்கொண்டு இறங்கியிருப்பான்.

கட்டுரையில் என்ன இருந்தது என்று கேட்டீர்கள். முதல் விளையாட்டு வெளிவரும் முன் நாற்பது பேரை ஆடவைத்துப் பார்த்தோம். ஒருவர்கூட என் துறைமுகத்தைத் தாண்டவில்லை. நான் அழுதேவிட்டேன். ஒஸ்ஸிதான் அங்கே பதினோரு விளக்குகளை வைத்தான். வெளிச்சம் இருக்கும் பக்கம் மனிதர்கள் போவார்கள் என்றான். போனார்கள். புகழ் எனக்கு வந்தது. இரண்டு விளையாட்டிலும் அம்புக்குறி உண்டு, முதலாவதில் அது கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்று எழுதியிருந்தான். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

என் குடிலின் வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் அவன் வருகிறான் என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. அப்படியானால் அவன் தானாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, ஆட்டம் செல்லாது. உள்ளே போய் விளக்கை அணைத்தேன். அவன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஓடைப் பக்கம் திரும்பியதை, கடைசிவரை ஜன்னலருகே நின்று கேட்டேன்.