பால்மா டின்னுக்குள் இறங்கிய வட்டம்

பெயர்: அப்துல் காதர் ஜெமீல். வயது: 54. தொழில்: தையல் மெசின் திருத்துதல். விலாசம்: இல. 17, பள்ளிவாசல் பின்வீதி, திருகோணமலை. 2024 பெப்ரவரி 20ஆம் திகதி முற்பகல் 11.40 மணிக்கு பெண் பொலிஸ் கான்ஸ்டபிள் சோபனா முன்னிலையில் கூறுவதாவது:

சல்லிக் கிராமத்தைச் சேர்ந்த கதிராமன் என் மெசினின் பாதியைத் திருடிச் சென்றதாக இம்மாதம் 12ஆம் திகதி இங்கு முறைப்பாடு செய்தவன் நான்தான். திருட்டு என்ற சொல்லும் என்னுடையதுதான், உத்தியோகத்தர் சேர்த்ததல்ல.

கதிராமன் படகு எஞ்சின் மெக்கானிக். கடந்த வருடம் முழுவதும் நாங்கள் இருவரும் சேர்ந்து, கணினியில் வரைந்த உருவத்தைத் தானாகவே பலகையில் வெட்டியெடுக்கும் சிஎன்சி மெசின் ஒன்றை என் வீட்டுக் கொட்டிலில் செய்தோம். வியாபாரத்துக்கு அல்ல, ஆசைக்கு. பலகையை முன்னும் பின்னும் நகர்த்தும் மேசை என் வேலை. வெட்டும் தலையை இடம் வலமாக நகர்த்தும் குறுக்குக் கையும் மின்பெட்டியும் அவருடைய வேலை. மோட்டார்கள் பழைய போட்டோகொப்பி மெசின்களில் கழற்றியவை. அது முதன்முதலில் தானாக அசைந்த அன்று நான் கதிராமனைக் கட்டிப்பிடித்தேன் என்பதையும் பதிந்துகொள்ளும்படி கேட்கிறேன்.

அதன் பின்னர் சோதனைக்காக ஒரு வட்டம் வெட்டினோம். பால்மா டின்னின் வாய்க்குள் எந்தப் பக்கம் திருப்பினாலும் இறங்க வேண்டிய அளவு. இறங்கவில்லை, ஏனென்றால் வந்தது வட்டமல்ல, முட்டை. அதன் பின்னர் வெட்டிய இருபத்திரண்டும் முட்டைதான். என் மனைவி நுஸ்ரத் அவற்றைச் சூடான சட்டி வைக்கக் குசினிக்கு எடுத்துக்கொண்டார்.

அதன் பின்னர் பிழை யாருடைய பக்கம் என்ற கதை வந்தது. "அண்ணை, உங்கட குறுக்குக் கைதான் வழுக்குது" என்றேன். என்னை அண்ணன் முறைக்கு நானா என்றழைக்கும் அவர் அதற்கு, "நானா, உங்கட மேசைதான் ஆடுது. தையல் மெசின் திருத்துற கைக்கு இது ஏலாது" என்றார். முப்பது வருடமாகச் சோறு போட்ட கையை அப்படிச் சொன்னதும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. பதிலுக்கு அவருடைய எஞ்சின்களைப் பற்றி நான் சொன்னதை இங்கு எழுதத் தேவையில்லை. அதன் பின்னர் அவர் குறுக்குக் கையைக் கழற்றி, சைக்கிள் கரியரில் கட்டி, மின்பெட்டியை ஹாண்டிலில் தொங்கவிட்டு சல்லிக்குப் போய்விட்டார். மறுநாள் காலை நான் இங்கு வந்தேன்.

இன்று இருவரையும் பொருட்களுடன் அழைத்திருந்தார்கள். சார்ஜன்ட் முஹம்மது தம்பி இரண்டு பாதிகளையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆர்ர சாமான் எதெண்டு தெரியாம நான் என்னத்த எழுதுற? ரெண்டையும் சேத்துப் பூட்டிக் காட்டுங்கோ. இல்லாட்டி இணக்க சபைக்கு அனுப்பிப்போடுவன்" என்றார்.

நிலையத்தின் பின் விறாந்தையில் பூட்டத் தொடங்கினோம். அவர் கையை நீட்டினார், கேளாமலே பத்தாம் நம்பர் ஸ்பனரைக் கொடுத்தேன். அப்போது அவருடைய மோட்டார் தண்டில் புதிதாக அரம் போட்ட பளபளப்பைக் கண்டேன். அவர் கழற்றிக்கொண்டு போன அன்று அது அங்கே இல்லை. அதன் பின்னர் நான் என் பையிலிருந்து அளவாக வெட்டிய பலகையை எடுத்தேன். அவர் தன் பையிலிருந்து பால்மா டின்னை எடுத்தார். கொண்டுவரச் சொல்லி இருவருக்கும் யாரும் சொல்லவில்லை.

மெசின் ஓடியது. வெட்டி முடிந்ததும் கதிராமன் வட்டத்தை ஊதித் துடைத்து டின்னுக்குள் விட்டார். இறங்கியது. திருப்பி விட்டார், இறங்கியது. அதன் பின்னர் சார்ஜன்ட் விட்டுப் பார்த்தார். அடையாள அட்டை தொலைந்ததென்று முறையிட வந்திருந்த ஒருவரும் வரிசையில் நின்று விட்டுப் பார்த்தார்.

"இறங்குது நானா" என்றார் கதிராமன். நான் அழுதேன். கண்ணில் மரத்தூள் விழுந்தது என்று எழுத வேண்டாம், சந்தோசத்தில்தான் அழுதேன்.

கேள்வி: வட்டம் இப்போது மட்டும் எப்படிச் சரியாக வந்தது?

பதில்: உண்மை சொல்ல வந்த இடத்தில் மறைக்க ஏலாது. முறைப்பாடு கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் என் மேசையைக் கழற்றிப் பார்த்தேன். அதை நகர்த்தும் திருகுத் தண்டில் நட் தளர்ந்து ஆடியது. இன்னொரு நட் போட்டு, இரண்டுக்கும் நடுவில் தையல் மெசின் ஸ்பிரிங் ஒன்றை வைத்து இறுக்கினேன். கதிராமன் சொன்னது சரி, பிழை என் பக்கத்தில்தான் இருந்தது. என் முறைப்பாட்டை மீளப் பெறுகிறேன். இந்தப் பதிலை மட்டும் கதிராமனுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம் என்று தயவாகக் கேட்கிறேன்.

கதிராமன் எனக்கு முன்னரே வாக்குமூலம் கொடுத்துவிட்டார். அவரும் இப்படி ஏதாவது கேட்டாரா என்று கான்ஸ்டபிள் சோபனாவிடம் விசாரித்தேன். அதைச் சொல்ல ஏலாது என்றார். ஆனால் பேனையை வைத்துவிட்டு வெகுநேரம் சிரித்தார்.

மேலே உள்ளவை எல்லாம் என் வாயால் சொன்னவை, எனக்கு வாசித்துக் காட்டப்பட்டவை, உண்மையானவை. வேறு சொல்ல ஒன்றுமில்லை. மெசினைச் சல்லிக்கு ஏற்றிப் போகக் கதிராமன் வெளியே லான்ட்மாஸ்டர் டிராக்டரோடு நிற்பதால் விரைவாகக் கையொப்பமிடுகிறேன். இந்த மாதம் அது அவருடைய வீட்டில் இருக்கட்டும்.

(ஒப்பம்) அ. கா. ஜெமீல்