கோல்பியின் இரண்டாவது தேர்வு

ஆகஸ்டில் எங்கள் ஊரில் ஐஸ்கட்டிதான் முதலில் தீர்ந்துபோகும். அமெரிக்காவின் அயோவா மாநில வெயிலில் ஐம்பத்திரண்டு பேர் தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு முட்டி மோதினால் அப்படித்தான். அவர்கள் காயங்களைப் பார்ப்பது என் வேலை. நான் மருத்துவர் இல்லை. பையன்கள் கேலியாக 'டாக்டரம்மா' என்பார்கள்.

பெரிய பல்கலைக்கழகங்களின், கையால் பந்தெறிந்து ஆடும் அமெரிக்கக் கால்பந்து அணியில் ஒருவன் விழுந்தால் அந்த இடத்துக்கு மூன்று பேர் காத்திருப்பார்கள். எங்கள் சிறிய கல்லூரியில் விழுந்தவனே எழுந்து வர வேண்டும். தோற்கும் அணிக்குப் பிள்ளைகள் சேர மாட்டார்கள். பிள்ளைகள் சேராவிட்டால் கல்லூரியையே மூடிவிடுவார்கள்.

ஆட்டங்கள் தொடங்குமுன் ஒவ்வொருவனும் கணினியில் ஒரு ஞாபகத் தேர்வு எழுத வேண்டும். பிறகு தலையில் அடிபட்டால் அதே தேர்வு மறுபடியும். பழைய மதிப்பெண் வந்தால் ஆடலாம். அதனால் ஆகஸ்டில் மந்தமாக எழுதச் சொன்னேன். ஐந்து வருடமாகச் சொல்கிறேன். ஐந்து வருடமும் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தோம்.

பந்தெறியும் கோல்பி ரஸ்முசனுக்கு மாற்று ஆள் கிடையாது. அவன் தேர்வை ஒழுங்காக எழுதிவிட்டான். அழித்துவிட்டு மறுபடி உட்கார வைத்தேன்.

"முட்டாளா நடிக்கணுமா டாக்டரம்மா? எதுக்கு நடிப்பு, எங்கம்மாவக் கேட்டா சான்றிதழே குடுப்பாங்க."

"பேசாம எழுதுடா."

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை ஆட்டத்தில் அவன் தலை தரையில் மோதியது. வியாழக்கிழமை தேர்வு வைத்தேன். ஆகஸ்டைவிட இரண்டு மதிப்பெண் கூடுதல்.

"பாத்தீங்களா, அடி விழுந்ததும் அறிவு வளந்திருக்கு."

பயிற்சியாளர் லோவெல் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "என்ன இங்க்ரிட், பையன் தேறிட்டானா?"

"தேறிட்டான் கோச்."

இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை ஆட்டத்தின் மூன்றாவது கால்பகுதியில் அவன் விழுந்தான். பெரிய மோதல் இல்லை. மூளை வீங்கி, ஞாயிறு காலையில் இறந்தான். மதிப்பெண்களைப் பார்த்த எல்லோரும் என் மேல் தவறில்லை என்றார்கள். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அந்தக் கையை நான் உருவிக்கொள்ளவில்லை.

தேர்வைப் பற்றி உங்களிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். சொல்லாதது ஒன்று இருக்கிறது.

அந்த வியாழக்கிழமை, லோவெல் வந்து போன பிறகு, கோல்பி கேட்டான். "போன சனிக்கிழமை ஜெயிச்சோமா?" ஜெயித்தோம் என்றேன். சிரித்தான். ஷூ கயிறு கட்டி முடிப்பதற்குள் மறுபடி கேட்டான். ஜெயித்தோம் என்றேன். அதே சிரிப்பு. மூன்றாவது முறை கேட்டபோது, சோதித்துப் பார்க்க நினைத்தேன்.

"தோத்துட்டோம்டா."

"ஐயோ. என்னாலதானே டாக்டரம்மா?" முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான்.

அவன் ஆடலாம் என்ற தாளில் அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.