பத்தாம் நாள் செவலை

எங்கள் ஜீப்பில் நாய்க்கும் ஓர் இடம் உண்டு, சார். காலை ஆறு மணிக்குப் போடியில் கிளம்பினால், போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டம் போய்ச் சேரும்வரை செவலை என் சீட்டுக்குப் பின்னால், வேலைக்கு வரும் பெண்களின் காலடியில் சுருண்டு கிடக்கும். ஒருத்தரும் முகம் சுளித்ததில்லை. டிரைவர் வீட்டு நாய் என்பதற்காக இல்லை, அருள்பாண்டியின் நாய் என்பதற்காக. அருள்பாண்டி என் மகன். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே மலைப்பாதையில் பைக்கோடு விழுந்து போய்விட்டான்.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரி மகாராணி வாய்திறந்து பேசியதெல்லாம் செவலையிடம்தான். அவள் சோறு வைத்து, "தின்னு அப்பு" என்று சொன்னால்தான் அது தட்டில் வாய் வைக்கும். மகன் பழக்கியது. அவள் சொல்ல மறந்தால் எச்சில் ஒழுகப் பார்த்துக்கொண்டே நிற்கும். அந்த நாய்க்கு ஒன்று ஆனால் அவள் பிழைக்க மாட்டாள் என்று நினைத்தேன். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் தெரு சிவரஞ்சனி, காய் பறிக்க வருகிற பிள்ளை, ஒருநாள் ஜீப்பில் ஏறும்போது வழக்கம்போல இட்லியைப் பிட்டு நீட்டினாள். செவலை அவள் உள்ளங்கையைக் கடித்துவிட்டது. அது அதுவரை யாரையும் கடித்ததில்லை.

"ஊசி போட்ட நாயாண்ணே?" என்று கேட்டாள்.

"வருசா வருசம் போடுறதுதாம்மா" என்றேன். மகன் இருந்தவரை போட்டான். அதனால் முழுப்பொய் என்று சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரியில் அன்றைக்கே ஓர் ஊசி போட்டார்கள், மூன்றாம் நாள் இன்னொன்று. அடுத்தது ஏழாம் நாள். நாயைக் கட்டிப்போட்டுப் பத்து நாள் பாருங்கள், அது நல்லபடியாக இருந்தால் பயமில்லை என்றார் நர்ஸம்மா. அன்று சாயங்காலமே கொல்லையில் கட்டினேன். மகாராணி அப்போது தங்கச்சி பிரசவத்துக்காகச் சிலமலை போயிருந்தாள்.

ஐந்தாம் நாள் செவலைக்கு என் குரல் அடையாளம் தெரியவில்லை. வாயில் நுரை. ஆறாம் நாள் விடியும்போது விறைத்துக் கிடந்தது. தோட்டத்தில் மருந்தடிக்கிற நாளில் டிரம்மில் வாய் வைத்த நாய்கள் இப்படித்தான் நுரை தள்ளிச் சாகும், எத்தனையோ பார்த்திருக்கிறேன். இதுவும் அப்படித்தான் என்று முடிவு செய்தேன். சாக்கில் சுற்றி ஜீப்பில் ஏற்றி, மலையில் ஏலச்செடிகளுக்கு நடுவே புதைத்தேன். அழுதேன், சார். மகனுக்குக்கூட அப்படி அழவில்லை.

அன்றைக்கே ராசிங்காபுரம் போனேன். மகன் குட்டி வாங்கி வந்த மொக்கையன் வீட்டில் செவலையின் கூடப்பிறந்தது நின்றது. அதே நிறம், அதே வெள்ளை முன்னங்கால். கயிற்றோடு கொடுத்தார். மகாராணிக்காகத்தான் வாங்கினேன்.

ஏழாம் நாள் காலையில் சிவரஞ்சனி வந்து நின்றாள். அது பறிப்புக் காலம். ஒருநாள் வராவிட்டால் ஜீப்பில் அவள் இடத்தில் வேறு ஆள் ஏறிவிடும்.

"ஊசிக்குப் போகவாண்ணே, சோலிக்கு வரவா?"

"நீயே பாரு. குத்துக்கல்லாட்டம் நிக்கிறான்."

வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "நல்லாத்தாண்ணே இருக்கான்" என்று ஜீப்பில் ஏறிக்கொண்டாள். பத்தாம் நாளும் வந்து பார்த்தாள். அத்தோடு கைக்கட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டாள்.

இருபதாம் நாள் மகாராணி ஊர் திரும்பினாள். சோற்றுத் தட்டை வைத்தாள். அவள் வாய் திறக்கும் முன்னே நாய் தட்டுக்குள் மூஞ்சியைத் திணித்தது. 

"இது யாரு வீட்டு நாயி?"

செவலை செத்ததைச் சொன்னேன். கடித்ததைச் சொல்லவில்லை.

"செத்துப்போச்சுன்னா சொல்ல வேண்டியதுதான? பெத்த பிள்ளையவே குழிக்குள்ள வச்சவ நான். இதத் தாங்க மாட்டனா?"

அவளுக்காகச் செய்தேன் என்ற பேச்சு அன்றோடு முடிந்தது. எனக்கும் அது தெரியும். அதன் பிறகும் இருபது நாளுக்கு மேல் சிவரஞ்சனி என் ஜீப்பில்தான் வந்தாள். கண்ணாடியில் பார்த்தால் தூங்கிக்கொண்டிருப்பாள். அடுத்த வளைவில் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன், வளைவு போய்விடும். சொல்லியிருந்தால் மறுபடி ஊசி போட்டிருப்பார்கள். ஜீப்பு முழுக்க என்னை அண்ணே என்று கூப்பிடுகிற பிள்ளைகள். நாக்கு எழவில்லை.

நாற்பத்து நான்காம் நாள் சிவரஞ்சனி, அம்மா ஒச்சம்மாள் நீட்டிய தண்ணீரைத் தட்டிவிட்டாள். தண்ணீரைப் பார்த்தாலே தொண்டை இறுகியது. என் ஜீப்பில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கடித்த நாய் உயிரோடு இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். "இருக்கு சார்" என்றேன். இனிமேல் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. மூன்றாம் நாள் போய்விட்டாள்.

வெறி என்று தெரிந்திருந்தால் நான் சொல்லியிருப்பேன், சார். மருந்துத் தண்ணீர் குடித்துத்தான் செவலை செத்தது என்று இன்றைக்கும் நம்புகிறேன். தோட்டத்து மருந்து அதன் வாய்க்கு எப்படிப் போனது என்று நீங்கள் கேட்பதும் நியாயம்தான். கடித்த நாளிலிருந்து அது மலை ஏறவில்லை. நான்தான் என் கையால் கொல்லையில் கட்டிப் போட்டிருந்தேன்.