முந்நூறு மிதி

என் காரில் ஏசி இன்றைக்கும் நன்றாக வேலை செய்கிறது. இருபது வயது வண்டி என்று நானாகச் சொன்னால்தான் தெரியும். தோல் இருக்கை, கதவைச் சாத்திவிட்டால் வெளிச்சத்தம் கேட்காது. பெங்களூர் டாக்டர் ஒருவர் அரைக் கோடி கொடுத்து வாங்கியதாம். ஜூஜுவாடியில் ஒரு புரோக்கர் மூலமாக எனக்கு நாலு லட்சத்துக்குக் கிடைத்தது. என் அக்கா சென்னம்மா இறந்ததைப் பற்றி விசாரிக்கத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள் சார், அது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் காரைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

கார் வாங்கிய பணமே அக்காவால் வந்ததுதான். உத்தனப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் அப்பா விட்டுப்போன நிலத்தை ஒரு கம்பெனி விலைக்குக் கேட்டது. அக்கா தன் பங்குக்கு ஒரு ரூபாய்கூட வாங்காமல் கையெழுத்துப் போட்டாள். "எனக்கு என்னாத்துக்குடா விஜயா, நீ நல்லா இருந்தாப் போதும்" என்றாள். நான் நன்றி கெட்டவன் இல்லை. கார் வந்த அன்று முதல் சவாரி அவளுக்குத்தான். ஏசி குளிர் தாங்காமல் முந்தானையைப் போர்த்திக்கொண்டு ராயக்கோட்டை வரைக்கும் வந்தாள்.

மூன்றாவது மாதம் டாஷ்போர்டில் சிவப்பு எழுத்தில் ஏதோ வந்தது. கரீமிடம் கொண்டுபோனேன். பெங்களூரில் பெரிய கார்களில் வேலை பார்த்துவிட்டு ஜூஜுவாடியில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர், தொழில் தெரிந்தவர். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒயரைச் செருகி, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பார்த்தார்.

"டிஸ்க்கு, பேடு எல்லாம் நல்லாத்தான் இருக்குதுணா. பம்ப்புதான். இந்த மாடல்ல பிரேக்குக்கு கரண்டு பம்ப்பு. எத்தன தடவ மிதிக்கிறீங்கன்னு அதுவே எண்ணிக்கும். அதோட ஆயுசு முடியப்போவுது."

"முடிஞ்சா என்ன ஆவும்?"

"பெடல் கல்லு மாதிரி ஆயிரும். ஏறி நின்னு மிதிச்சாத்தான் கொஞ்சமாச்சும் பிடிக்கும். இன்னும் ஒரு முந்நூறு மிதி தாங்கும்ணா. அதுக்குள்ள மாத்திருங்க."

புது பம்ப் இரண்டே முக்கால் லட்சம் என்றார். நாலு லட்சம் காருக்கு இரண்டே முக்கால் லட்சத்தில் பிரேக். வியாதியைச் சொன்னதற்கு மட்டும் ஆயிரத்தைந்நூறு வாங்கினார், கொடுத்துவிட்டேன். என்னிடம் பணம் இல்லாமல் இல்லை. பேங்கில் டெபாசிட் இருந்தது, இப்போதும் இருக்கிறது. எனக்குப் புரியாதது ஒன்றுதான். இன்னும் முந்நூறு தடவை வேலை செய்யப்போகிற ஒரு பொருளை எதற்குக் கழற்றிப் போட வேண்டும்? வீட்டில் பாதி அரிசி மிச்சமிருக்கும்போது யாராவது மூட்டையை மாற்றுவார்களா?

முந்நூறு என்பது பேச்சுக்குச் சொன்னது என்று கரீம் இப்போது உங்களிடம் சொல்லியிருக்கிறாராம். எனக்குப் பேச்சுக்குச் சொல்கிற பழக்கம் இல்லை. வீட்டுக்கு வந்ததும் முந்நூறு புளியங்கொட்டைகளை எண்ணி ஒரு எவர்சில்வர் டம்ளரில் போட்டு, கியருக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரு தடவை பிரேக் மிதித்தால் ஒரு கொட்டையை எடுத்து ஜன்னல் வழியாகப் போட்டுவிடுவேன். முதல் நாளே பதினான்கு போனது. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சிக்கனம் ஒரு பழக்கம்தான் சார். ஆக்சிலேட்டரிலிருந்து காலை முன்கூட்டியே எடுத்தால் வண்டி தானாக வேகம் குறைகிறது. மேட்டில் விட்டால் நிற்கிறது. நான் வார்டு மெம்பர் என்பதால் இன்னொரு வசதியும் இருந்தது. குழந்தைகள் பாதுகாப்பு என்று மனு எழுதி, ஊருக்குள் வேகத்தடை கேட்டேன். என் வீட்டு வாசலில் ஒன்று, பால் சொசைட்டி முன்னால் ஒன்று, ரேஷன் கடை, டீக்கடை, அக்கா வீடு என்று நான் நிறுத்த வேண்டிய இடத்திலெல்லாம் ஒவ்வொன்றாகப் பதினொரு வேகத்தடை வந்தது. காரின் அடிவயிறு உரசாத உயரத்துக்கு நானே கூட நின்று அளந்து போடச் சொன்னேன். மெதுவாக வந்து அதன் மேல் ஏறினால் வண்டி அப்படியே அடங்கிவிடும். ஊர்க்காரர்கள் எனக்கு ஃபிளெக்ஸ் வைத்துப் பாராட்டினார்கள். குழந்தைகளின் காவலன் என்று போட்டிருந்தார்கள், சந்தோஷமாகத்தான் இருந்தது.

என் மனைவி பிரவீனா ஓடுகிற காரிலிருந்து இறங்கப் பழகிக்கொண்டாள். மளிகைக் கடை வந்தால் கதவைத் திறந்து, இரண்டடி ஓடி நின்றுவிடுவாள். திரும்பும்போது பையை முதலில் போட்டுவிட்டு ஏறுவாள். ஒரு தடவை மட்டும் முட்டியில் அடிபட்டது. அந்த வாரம் முழுவதும் நான்கு கொட்டைகள்தான் செலவாயின.

நாலு மாதம் இப்படியே போனது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு என் அக்கா வீட்டுக்காரர் சென்னப்பன் மாமா ஓடிவந்தார். அக்காவுக்கு நெஞ்சு வலி, உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றுகிறது என்றார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று, ஆனால் அரைமணி நேரம் ஆகுமாம். ஊருக்குள் வேகத்தடை அதிகம், வண்டி ஊர்ந்துதான் வரும் என்று டிரைவர் சொன்னாராம்.

நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. எங்கள் ஊரிலேயே வேகமான வண்டி என்னுடையது. அக்காவைப் பின் இருக்கையில் படுக்கவைத்தேன், மாமா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். பதினொரு வேகத்தடையிலும் அவள் முனகினாள். மெயின் ரோட்டில் ஏறியதும் ஏசியைக் கூட்டி வைத்தேன். ஓசூர் வரைக்கும் ஒரு கொட்டைகூடச் செலவில்லாமல் வந்தோம்.

ஓசூரில் நாங்கள் போன ஆஸ்பத்திரிக்கு முன்னால் ரோடு லேசான இறக்கம் சார். நீங்கள் நடந்து பார்த்தால்கூடத் தெரியாது. நான் காலை எடுத்தபோது நின்றுவிடும் என்றுதான் கணக்குப் போட்டேன். நிற்கவில்லை. மாமா வழியிலேயே போனில் சொல்லியிருந்ததால் வாசலில் ஸ்ட்ரெச்சரோடு நின்ற செக்யூரிட்டி எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். நானும் கையை ஆட்டினேன்.

"மாப்ளே, ஆஸ்பத்திரி போயிருச்சு" என்றார் மாமா.

"சுத்தி வந்தர்றேன் மாமா."

ரொம்ப தூரம் போய்த்தான் திரும்ப இடம் கிடைத்தது. அங்கேயும் மிதிக்காமல், கியரைக் குறைத்தே வளைத்துவிட்டேன். இரண்டாவது தடவை ஜாக்கிரதையாக வெகுமுன்பே காலை எடுத்தேன். அது கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது, வண்டி ஆஸ்பத்திரிக்கு ரொம்ப முன்னாலேயே நின்றுவிடும் போலிருந்தது. அதனால் லேசாக ஆக்சிலேட்டரைத் தொட்டேன். மறுபடியும் வாசலைத் தாண்டியது. செக்யூரிட்டி ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே ஓடிவந்தார், நல்ல மனுஷர்.

"பிரேக்கப் போடுடா" என்று மாமா கத்தினார். அவர் என்னை டா போட்டுப் பேசியதே இல்லை. அவருக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது, அதனால் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அக்கா கண்ணைத் திறந்து, "அவனத் திட்டாதீங்க" என்றாள். அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

மூன்றாவது சுற்றில் எல்லாம் கூடி வந்தது. பெட்ரோல் பங்க் தாண்டியதும் காலை எடுத்தேன். வண்டி மெல்ல மெல்ல அடங்கி, ஆஸ்பத்திரி வாசலில், அந்த ஸ்ட்ரெச்சருக்கு நேராகப் பின் கதவு வரும்படி நின்றது. வாழ்க்கையில் அவ்வளவு அழகாக நான் வண்டியை நிறுத்தியதில்லை. ஒரு இருபது நிமிஷம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். முதல் தடவை வாசலைத் தாண்டியதிலிருந்து இருபத்தாறு நிமிஷம் ஆகியிருந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன், அதற்கு அந்த செக்யூரிட்டியே சாட்சி.

சாவு வீட்டில் மாமா எல்லோரிடமும் ஒன்றையே சொன்னார். "பாவம் மாப்ள, பிரேக் பிடிக்கல, அவன் என்ன பண்ணுவான்?" என்றார். என்மேல் யாருக்கும் வருத்தமில்லை. வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னார்கள். அந்த நேரத்தில் மறுத்துப் பேசுவது மரியாதையில்லை என்று சும்மா இருந்தேன். ஆனால் நீங்கள் எழுதிய காகிதத்திலும் பிரேக் செயலிழந்த வாகனம் என்று இருப்பதைப் பார்த்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை. அதைத் திருத்தத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

நேற்று மோட்டார் வாகன ஆய்வாளர் ஸ்டேஷன் வாசலில் காரை ஓட்டிப் பார்த்தார். பிரேக் நன்றாகப் பிடிக்கிறது என்று அவர் சொன்னதும் நீங்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தீர்கள். பிடிக்கும் சார். பிடிக்காது என்று நான் எப்போது சொன்னேன்? அக்காவை ஏற்றும்போது டம்ளரில் நாற்பத்தொரு புளியங்கொட்டைகள் இருந்தன. இறக்கும்போதும் நாற்பத்தொன்றுதான். முதல் சுற்றிலேயே மிதித்து ஒன்றை வெளியே போட்டிருக்கலாம். போடவில்லை. அது நான் எடுத்த முடிவு, காரின் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆய்வாளர் நாலு தடவை மிதித்தார். நான் வெளியே நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். பிரேக் பிடிக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு தடவை போதாதா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அரசாங்க வேலை என்று அடக்கிக்கொண்டேன். அக்கா மட்டும் உயிரோடு இருந்திருந்தால், அந்த நாலு கொட்டைக்காக என்னோடு சேர்ந்து அவளும் வயிறு எரிந்திருப்பாள்.