வீக்கம் வடியும்வரை

– மேல பாருங்க தங்கையன் ஐயா. என் விரலையே பாருங்க. எத்தனை தெரியுது?

– ரெண்டு, டாக்டரம்மா. நீங்களும் ரெண்டு பேரா நிக்கிறீங்க. சன்னல்ல பெரிய கோயில் விமானமும் ரெண்டு. பாக்க நல்லாத்தான் இருக்கு, போங்க.

– கண்ணுக்குழியோட அடி எலும்பு உடைஞ்சு, தசை அந்த விரிசல்ல போய் மாட்டியிருக்கு. அதான் அந்தக் கண்ணு மேல ஏற மாட்டேங்குது. வீக்கம் வடியட்டும்னு பொறுத்தோம். வடிஞ்சிடுச்சு. நாளைக்கே பண்ணிடலாம்.

– மூஞ்சியில கீறுவீங்களா?

– இல்லைங்கய்யா. கீழ் இமைக்கு உட்பக்கமா போய், உள்ள மெல்லிசா ஒரு தகடு வச்சுத் தாங்கிடுவோம். வெளியில தழும்பே தெரியாது.

– வயல்ல அறுப்பு மிஷினு வந்து நிக்கிற மாதிரி அவசரப்படுறீங்களே. இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே.

– இனிமே தள்ளினா தசை அங்கேயே ஒட்டிக்கும். அப்புறம் காலத்துக்கும் ரெண்டு ரெண்டாத்தான் தெரியும்.

– தெரிஞ்சுட்டுப் போகட்டும்.

– என்ன அத்தான் பேச்சு இது? டாக்டரம்மா, கொஞ்சம் வெளியில வாங்களேன், ஒரு வார்த்தை.

– என்ன செல்லதுரை? உங்க அக்கா விஷயம் அவருக்குத் தெரிஞ்சுடுச்சா?

– இல்லைங்க. கால் முறிஞ்சு திருத்துறைப்பூண்டி ஆஸ்பத்திரியில கிடக்குறதாத்தான் சொல்லி வச்சிருக்கோம். காரியம் முடிஞ்சதே தெரியாது. அழுதா மூக்கைச் சிந்துவாரு, சிந்தினா காத்து ஏறி கண்ணு வீங்கிடும்னு நீங்கதானே சொன்னீங்க?

– ஆமா. ஆபரேஷன் முடியட்டும், பக்குவமா சொல்லிக்கலாம். அக்கா வந்து பாக்கணும்னு காத்திருக்காரோ?

– அப்படித்தான் இருக்கும். எவனோ ரோட்டுல காயப்போட்ட நெல்லு மேல வண்டிய ஏத்த மனசு வராம ஒடிச்சுத் திருப்பின மனுஷங்க அவரு. அவருகிட்ட போயி, மதகுச் சுவத்துல மோதி அக்கா அங்கேயே போயிடுச்சுன்னு எந்த வாயால சொல்றது?

– வாங்க, நான் பேசுறேன்... ஐயா, உங்க வீட்டுக்காரம்மா வள்ளியம்மை போன் பண்ணினாங்களாம். தள்ளிப் போடாம பண்ணிக்கச் சொன்னாங்களாம்.

– அப்படியா சொன்னா? எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே. இங்கதானே உக்காந்திருக்கா.

– எங்கங்கய்யா?

– இந்த ஸ்டூல்லதான். வந்த நாள்லேர்ந்து அசையல. பொடவையெல்லாம் நெல்லுச் சுணை. எழுந்து உதறுடின்னா கேக்குறாளா?

– அத்தான்...

– நீ அழாத மாப்ள. நான் அழுதேனா பாரு, மூக்கைக்கூட சிந்தல. எனக்கு மொத நாளே தெரிஞ்சுபோச்சு.

– யாருங்கய்யா சொன்னது?

– யாரும் சொல்லல டாக்டரம்மா. இந்தக் கண்ணுக்குக் கட்டில் ரெண்டு, லைட்டு ரெண்டு, நீங்க ரெண்டு, இந்தா அழுவுறானே, இவனும் ரெண்டு. அவ மட்டும்தான் ஒருத்தியாத் தெரியுறா.